முள்முடி வரிசை

பதினொரு நாளும் நாலு மணித்தியாலமும் யேசுரட்ணம் அங்கிள் தன் ஞாபகம் தன்னைக் கைவிடத் தொடங்கிவிட்டது என்று நம்பினார். மே மாதத்து ஞாயிறு ஒன்றில் பகல் இரண்டு மணிக்கு அது தொடங்கியது. அதற்கு அடுத்த வாரத்து வியாழன் மாலை ஆறு மணி வரை நீடித்தது. அவ்வளவு நேரமும் நான் அவர் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். அவர் படி ஏறுவதும், பாதியில் நிற்பதும், திரும்பி இறங்குவதும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன.

வீடு இக்காஸ்ட் என்ற டேனிஷ் ஊரில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். சிவப்புச் செங்கல், கீழே நிலவறை. ஊரில் பின்னலாடைத் தொழிற்சாலைகள் ஓடிய காலத்தில் அங்கிள் அங்கே இயந்திரம் திருத்துகிறவராக இருந்தார். விமலராணி அன்ரி அதே தொழிற்சாலையில் தைத்தார். அது மூடியபின் அன்ரி முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனார். ஞாபகம் போனவர்களைப் பார்க்கும் பிரிவு. இன்னும் போகிறார். அங்கிளுக்கு அறுபத்தெட்டு வயது; ஓய்வு பெற்றுவிட்டார். ஒரே மகள் ஸ்ரெபானி கோப்பன்ஹேகனில் தாதி. அவள் விட்டுப்போன அறையில் நான் இருந்தேன்.

என் பெயர் சாரங்கி. இரசாயனவியல் படித்துவிட்டு ஒரு பாற்பொருள் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். காலை ஆறிலிருந்து இரண்டு வரை வெண்ணெயில் எவ்வளவு ஈரம், பாலில் எவ்வளவு கொழுப்பு என்று அளப்பேன். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். அதிகம் கதைக்க மாட்டேன். அன்ரி தன் சிநேகிதிகளிடம் என்னைப்பற்றிச் சொல்வது எனக்குத் தெரியும். "பூனை மாதிரி. கோப்பை கழுவி வைச்சிருந்தால்தான் பிள்ளை வீட்டிலை நிண்டது எண்டு தெரியும்."

அங்கிளிடம் மூன்று ரிவோல்வர்கள் இருந்தன. மூன்றும் பிரித்தானிய இராணுவத்துக்காகச் செய்தவை. பெரியது வெப்லி, 1917இல் செய்தது. மற்ற இரண்டும் சிறியவை; அதற்குப் பிந்தியவை. மூன்றுக்கும் பொலிஸ் அனுமதிப்பத்திரம் இருந்தது. நிலவறைச் சுவரில் ஆணியடித்து இறுக்கிய இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கும். திறப்பு அவருடைய கழுத்துச் சங்கிலியில், மாதா பதக்கத்துக்குப் பக்கத்தில் தொங்கும்.

தமிழ்ச் சனத்துக்கு இது விளங்கவில்லை. தமிழ்க் கடை வைத்திருக்கும் நித்தியானந்தன் அண்ணை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரைச் சீண்டுவார். "வெடிச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்த மனிசன், இஞ்சை காசு கட்டி வெடி வைக்கிறார்."

அங்கிள் முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே சொல்வார். "அங்கை வைச்சவங்கள் ஆரும் குறி பாத்தவங்களே? நான் கடதாசியிலை பாக்கிறன். கடதாசி செத்ததாய் இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை."

அவருக்கு அதன் இயந்திரம்தான் பிடித்தது. வெப்லியின் பின்பக்கம், ரவையை அடிக்கும் குதிரைக்குப் பக்கத்தில் ஒரு நெம்பு இருக்கும். அதைப் பெருவிரலால் அழுத்தினால் குழல் முன்பக்கமாக மடிந்து சரியும். நடுவிலிருந்து ஒரு நட்சத்திரம் எழும்பி சுட்டு முடிந்த ஆறு வெற்றுக் கோதையும் ஒன்றாக வெளியே தள்ளும். முப்பது வருஷம் பின்னல் இயந்திரம் திருத்தியவருக்கு அந்த நட்சத்திரம் ஒரு சந்தோஷம். "இதிலை ஒளிச்சு வைக்க ஒண்டும் இல்லை, பிள்ளை," என்று எனக்கு ஒருநாள் காட்டினார். "மடிச்சுப் பாத்தால் ஆறு ஓட்டையும் தெரியும். ஆறையும் விரலாலை தொட்டுப் பாக்க வேணும். பாத்தது காணாது. தொட வேணும்."

அவர் அப்படித்தான் செய்வார். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை. பெட்டியில் வைக்கும்போது ஒரு முறை. சுடும் இடத்து மேசையில் வைக்கும்போது இன்னொரு முறை. மேசையில் அது எப்போதும் மடிந்தபடியே கிடக்கும்.

வெப்லிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. கடையில் வாங்கும் துப்பாக்கி ரவையை அது தாங்காது. அதனால் அங்கிள் குறைந்த வெடிமருந்துடன் தானே ரவை செய்வார். அதற்குத் தனி அனுமதி உண்டு, அவருடைய பெயரில். சுட்ட கோதுகளைக் கழுவிக் காயவைத்து, அடியில் புதிய தீமூட்டி பொருத்தி, மருந்து விட்டு, மேலே ஈயக்குண்டை அழுத்த வேண்டும். ஒரு ரவைக்கான மருந்து தேக்கரண்டியில் கால்வாசிகூட வராது. கோதோ பெரியது. இரண்டு தரம் விட்டாலும் வழியாது. ஆபத்து அதில்தான் இருந்தது.

அவர் போகும் சுடும் கழகத்தில் மற்றவர்கள் மருந்து விடாத கோதுகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். விட்டதை மட்டும் நிமிர்த்துவார்கள். அங்கிளுக்கு அது தேவைப்படவில்லை. அவருடைய மரத்தட்டில் ஐம்பது துளைகள், பத்துப் பத்தாக ஐந்து வரிசை. செபமாலையிலும் ஐம்பது மணி, பத்துப் பத்தாக ஐந்து தேவ இரகசியம். அவர் ஒரு கோதுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வார். மருந்து அளக்கும் கருவியின் பிடியைச் செபத்தின் நடுவில் இழுப்பார். ஆமென் சொல்லி அடுத்த கோதுக்கு நகர்வார். ஒரு வரிசை முடிய திரித்துவப் புகழ். அடுத்த வரிசைக்கு முன்னால் பரலோக செபம். இருபது வருஷமாக அப்படித்தான். ஒரு ரவைகூடப் பிழைத்ததில்லை.

அன்ரிக்கு அது பிடிக்காது. வெடிமருந்துக்கு மாதாவைக் காவல் வைப்பதா என்று கேட்டு ஒருமுறை சுவாமியாரிடமே முறையிட்டிருக்கிறார். சுவாமியார் சிரித்துவிட்டு, எங்கள் கோவிலில் செபமாலை சொல்லும்போது கொட்டாவி விடாத ஆம்பிளை இவர் ஒருவர்தான் என்றாராம்.

நான் இந்து. வீட்டில் அவர்கள் செபம் சொல்லும்போது நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மேலே போய்விடுவேன். செபம் சொல்கிறவரை இடையில் மறிக்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அங்கிள் ரவை செய்யும்போது செபம் சொல்வதும் தெரியும். அதை வைத்துத்தான் எண்ணுகிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை வேலையால் வந்ததும் அங்கிள் என்னைக் கூப்பிட்டார். அவருடைய சின்னத் தராசு ஒரு தரம் காட்டியதை மறுதரம் காட்டவில்லையாம். அவர் முதல்நாளே சொன்னதால் நான் ஆய்வுகூடத்திலிருந்து தராசு சரிபார்க்கும் அளவுப்படிகளைக் கொண்டு வந்திருந்தேன். நிலவறையில் ஒரு பக்கம் உலர்த்தும் கொடி, மறுபக்கம் அவருடைய வேலைமேசை. தராசுக்குக் கீழே அதிர்வு வராமல் ஒரு கனத்த கல்லை வைத்துச் சரிசெய்தேன். அங்கிள் எனக்கு முதுகு காட்டி நின்று வேலையைத் தொடர்ந்தார். வெள்ளிக்கிழமைகளில் யேசுவின் பாடுகளை நினைக்கும் துக்க தேவ இரகசியம். முணுமுணுப்பும், கருவியின் பிடி ஏறி இறங்கும் சத்தமும் மாறிமாறிக் கேட்டன.

இரண்டாவது வரிசை முடிந்தபோது அன்ரி மேலே இருந்து கூப்பிட்டார். ஸ்ரெபானி தொலைபேசியில் இருந்தாள். அங்கிள் திரித்துவப் புகழை முடித்துவிட்டுத்தான் போனார். எட்டு நிமிடம் கதைத்தார். தராசு சரிவந்துவிட்டது. நான் நிலவறையில் தனியாக நின்றேன். பிறகு படியில் அவர் காலடி கேட்டது. அவர் வாயில் பரலோக செபம் ஏற்கெனவே பாதி வந்திருந்தது. நான் ஒதுங்கி வழி விட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மேசைக்குப் போனார். அவருடைய முதுகு தட்டை மறைத்தது. நான் மேலே போய்க் குளித்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை என்னையும் கழகத்துக்குக் கூட்டிப்போனார். விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே நீளமான சுடும் அறை. பாதுகாப்புக்குப் பொறுப்பு பிரேபன் என்ற டேனிஷ்காரர். ஓய்வு பெற்ற மரவேலை ஆசிரியர். எல்லோரும் அங்கிளை ரட்ணம் என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் முழுப்பெயரையும் கேட்டபோது பிரேபன் சொன்னாராம், 'யேசு, இப்போது சுடு' என்று கட்டளையிட என் வாய் வராது என்று.

நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தேன். அங்கிள் கண்ணாடியும் காதுமூடியும் போட்டுக்கொண்டார். ஆறு ரவை. மடித்தார், நட்சத்திரம் கோதுகளைத் தள்ளியது. இன்னொரு ஆறு. இன்னொரு ஆறு. மெத்தென்ற, ஒரே மாதிரியான சத்தம். நாலாவது தரம் மூன்றாவது வெடியில் சத்தம் மாறியது. கதவு அறைந்தது போல இருந்தது. அங்கிளுடைய கை கூரையை நோக்கிப் போனது. ஏதோ ஒன்று தடுப்புச் சுவரில் பட்டு விழுந்தது.

பிரேபன் கத்தவில்லை. கையை உயர்த்தினார்; எல்லோரும் நிறுத்தினார்கள். ரவை நிரப்பும் சிலிண்டரின் ஒரு பக்கம் பிளந்திருந்தது. மேல்பட்டை வளைந்து எழும்பியிருந்தது. அங்கிளின் கன்னத்தில் மூன்று தையல், பெருவிரல் இடுக்கில் நாலு. கண்ணாடியின் ஒரு பக்கம் கீறியிருந்தது. அது இல்லாவிட்டால் கண் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

காரில் வரும்போது அங்கிள் ஒன்றுதான் சொன்னார். "நூறு வருஷம் ரெண்டு சண்டையைக் கண்டது. என்ரை கையிலை வந்து போச்சுது."

நான் அப்போது இரும்பு பழசு என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து பகலில் பிரேபன் வீட்டுக்கு வந்தார். விபத்து அறிக்கை எழுத வேண்டும். மிச்சம் இருபத்தொன்பது ரவைகள், சிலிண்டரிலிருந்து எடுத்த மூன்றும் சேர்த்து, பெட்டியில் வரிசை குலையாமல் இருந்தன. அவற்றை நிறுக்க வேண்டும். தராசுக்கு ஆள் நான். அங்கிள் கட்டுப்போட்ட கையுடன் பக்கத்தில் நின்றார். பிரேபன் கொப்பியில் எழுதினார்.

முதல் ரவையைத் தட்டில் வைத்தேன். எண் வந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒன்பது ரவைகள் ஏறத்தாழ ஒரே எடை. பத்தாவதில் எடை குறைந்தது. அதன்பிறகு பத்தொன்பதும் குறைந்த எடையிலேயே இருந்தன. நான் விரல்களைத் தேய்த்துக்கொண்டேன். நிலவறை குளிர்தான் என்றார் பிரேபன்.

அவர் சுத்தியல் மாதிரியான ஒரு கருவியால் ஒரு பார ரவையைத் தட்டிக் குண்டைக் கழற்றினார். மருந்தைத் தராசில் கொட்டினேன். சரியாக இரண்டு மடங்கு.

"வெடித்தது இருபத்தோராவது," என்றார் பிரேபன் மெதுவாக. "இவை இருபத்திரண்டிலிருந்து முப்பது வரை. முழுதாக ஒரு வரிசை, ரட்ணம். பிறகு விளக்குப் பிடித்துப் பார்க்கவில்லையா?"

பார்த்ததாக அங்கிள் சொன்னார். வரிசை வரிசையாகப் பார்த்தாராம். ஒரு வரிசைக்குள் பத்தும் ஒரே உயரம். வித்தியாசம் தெரியவில்லை. பிறகு அவர் சுவரோரம் இருந்த கதிரையில் இருந்தார். என்னைப் பார்த்துத்தான் தமிழில் சொன்னார்.

"முள்முடி. மூண்டாவது தேவ இரகசியம். நான் அதை ரெண்டு தரம் சொல்லியிருக்கிறன், பிள்ளை. சொன்னது எனக்குத் தெரியேல்லை."

அப்போதுதான் எனக்குச் செபத்தின் கணக்கு விளங்கியது. மணி இரண்டு.

பிரேபன் அறிக்கையை நிரப்பிக்கொண்டே வழக்கமான கேள்வி ஒன்றைக் கேட்டார். வேறு யாராவது மருந்தைத் தொட்டார்களா? தொட்டிருந்தால் அது கழகத்தோடு முடியாது, அனுமதி இல்லாத ஆள் என்பதால் பொலிசுக்குப் போகும் என்றார். அங்கிள் என்னிடம் திரும்பாமலே, இல்லை, நான் மட்டும்தான் என்றார். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. நான் அளவுப்படிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினேன். அதற்கு அவ்வளவு நேரம் எடுக்கத் தேவையில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அங்கிள் கழுத்திலிருந்து திறப்பைக் கழற்றி அன்ரியின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அன்ரி அதைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. நாலு வருஷமாக அந்த ரிவோல்வர்களை வீட்டைவிட்டு அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத் திறப்பை எடுக்காமலே எழுந்து போனார்.

அதன்பிறகு அன்ரி பார்க்கத் தொடங்கினார். ஞாபகம் போனவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, அவர்கள் தேடும் செத்துப்போன தாய்மார்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய கண். அந்தக் கண்ணுக்கு எல்லாம் தென்பட்டது. திங்கட்கிழமை அங்கிள் கேத்திலைப் போட்டுவிட்டு மறந்தார். செவ்வாய்க்கிழமை நித்தியானந்தன் அண்ணையின் பெயர் உடனே வாயில் வரவில்லை. புதன்கிழமை சேட்டு பொத்தானை மாறிப் போட்டார். கட்டுப்போட்ட கையால் போட்டது என்று எனக்குத் தெரிந்தது. அன்ரிக்குத் தெரியவில்லை.

"உப்பிடித்தான் துடங்கும், பிள்ளை," என்று அன்ரி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். குரல் தாழ்ந்திருந்தது. "முதல்லை எண்ணிக்கை போகும். பிறகு பேர் போகும். பிறகு மனிசரைத் தெரியாது. என்ரை வாட்டிலை ஒரு வாத்தியார் இருக்கிறார். தன்ரை மனிசியை ஒவ்வொரு நாளும் 'வணக்கம், நீங்கள் ஆர்?' எண்டு கேக்கிறார். அவ ஒவ்வொரு நாளும் பேர் சொல்லுறா."

நான் வாயைத் திறந்தேன். அன்ரி வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார். நான் வெங்காயம் உரித்தேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது சமையலறை அலமாரிக் கதவுகளில் வெள்ளைத் தாள்கள் ஒட்டியிருந்தன. சீனி, உப்பு, கோப்பை, மருந்து என்று டேனிஷ் மொழியில். முதியோர் இல்லத்தில் ஒட்டிப் பழகிய கை, மொழியை மாற்ற மறந்துவிட்டது. அங்கிள் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்தார். சாப்பிட வரும்போது சேட்டில் ஒரு தாளை ஒட்டிக்கொண்டு வந்தார். அதில் 'யேசுரட்ணம், புருஷன்' என்று தமிழில் எழுதியிருந்தது.

அன்ரி சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாக மாறியது. அங்கிள் தாளை உரித்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "சும்மா பகிடிக்கு, ராணி," என்றார்.

மருத்துவர் வெள்ளிக்கிழமை நேரம் கொடுத்தார். கடிகாரம் வரையச் சொன்னாராம். ஏழிலிருந்து நூறு வரை பின்னோக்கிக் கழிக்கச் சொன்னாராம் என்று முதலில் சொல்லிவிட்டு, இல்லை, நூறிலிருந்து ஏழு ஏழாக என்று அங்கிள் தானே திருத்தினார். திருத்தியதும் முகம் வாடியது. முப்பதுக்கு இருபத்தேழு. நல்ல புள்ளி என்று மருத்துவர் சொன்னார். ஸ்ரெபானியும் தொலைபேசியில் டேனிஷில் அதையே சொன்னாள்: அப்பா, இது சாதாரணம், என் நண்பர்களுக்கே இவ்வளவு வராது. ஆனாலும் ஆறுதலுக்காக ஒருமுறை வைத்தியசாலையில் பார்க்கலாம் என்று மருத்துவர் யூலைக்குத் திகதி எடுத்திருந்தார். அங்கிள் அந்த இருபத்தேழைப் பார்க்கவில்லை. "மிச்சம் மூண்டும் எங்கை போச்சுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிறு அவர் கோவிலுக்குக் கார் ஓட்டவில்லை. பேருந்தில் போனார்கள். மாதத்துக்கு ஒருமுறை தமிழர்கள் கூடிச் செபமாலை சொல்வார்கள். முன்னின்று சொல்வது எப்போதும் அங்கிள்தான். இந்த முறை செபமாலையை அந்தோனிதாசன் என்பவரின் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி வாங்கில் இருந்தாராம். அவர் சொன்ன காரணத்தை அன்ரி எனக்குச் சொன்னார். "நான் முள்முடியை ரெண்டு தரம் சொல்லிப்போடுவன்."

அன்று பின்னேரம் நான் நிலவறைக்கு உடுப்புக் காயப்போடப் போனேன். அங்கிள் இரும்பு அலமாரிக்கு முன்னால் நின்றார். பூட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டு படி ஏறினார். திரும்பி வந்து மறுபடி இழுத்தார். ஆறு தரம் எண்ணினேன். ஒன்றையும் மறக்காத ஒருவர் மறந்துவிட்டதாக நம்பினால் என்ன செய்வார் என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள்," என்றேன்.

"சொல்லு, பிள்ளை."

"அது பூட்டித்தான் கிடக்கு."

"ஓம்," என்றார். "நீ சொன்னால் சரி. உன்ரை கண்ணை நம்பலாம்."

நான் ஈரத் துவாயை உதறிக் கொடியில் போட்டேன். அவர் படி ஏறிப் போனார்.

மேலே போய்த் தொலைபேசியில் அங்கிளுக்கு எழுதினேன். மூன்று வரி. அழித்தேன். என் வதிவிட விண்ணப்பத்தின் இலக்கம் தொலைபேசியிலேயே இருந்தது, அதையும் பார்த்தேன். பிறகு மறுநாள் காலை வேலைக்காக மணி நாலரைக்கு அலாரம் வைத்தேன். நான் கோழை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நேரம் பார்க்கிறேன் என்றுதான் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை நித்தியானந்தன் அண்ணை வீட்டுக்கே வந்தார், ஒரு பை மாம்பழத்தோடு. சீண்டவில்லை. அங்கிளிடம் நிறுத்தி நிறுத்தி, உரக்க, சின்னப்பிள்ளையிடம் போலக் கதைத்தார். அவர் போனபிறகு அங்கிள் சொன்னார், "பகிடி விட்டிருந்தால் பறவாயில்லை." மாம்பழத்தை அவர் தொடவில்லை.

புதன்கிழமை அவர் கடிதம் எழுதினார். டேனிஷில், தன் கையால், மேசையில் அகராதி வைத்துக்கொண்டு. வியாழக்கிழமை பிரேபனை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். டேனிஷ்காரர் ஆறு மணி என்றால் ஆறு மணி. அன்ரி அன்றைக்கு விடுப்பு எடுத்து ஆட்டிறைச்சிக் கறி வைத்தார். புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், பிரேபனுக்காக அவித்த உருளைக்கிழங்கும் கொஞ்சம். ஆறுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. வெளியே நல்ல வெயில். ரயில் பாதைக்கு அப்பால் கடுகுவயல் மஞ்சளாகக் கிடந்தது.

அங்கிள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிட விரும்பினார். புட்டு ஆறும் என்று அன்ரி சொன்னதையும் கேட்கவில்லை. மேசையில் பொலிசின் படிவம் இருந்தது. மூன்று ரிவோல்வரையும், சுடும் அனுமதியையும், ரவை செய்யும் அனுமதியையும் தானே திருப்பிக் கொடுப்பதற்கான படிவம். பக்கத்தில் கடிதம். பிரேபன் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். நான் அவருக்கு எதிரே இருந்தேன்; எழுத்துகள் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தன. ஞாபகம் என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது.

பிரேபன் கண்ணாடியைக் கழற்றினார். இதற்கு அவசியம் இல்லை என்றார். அறிக்கை போய்விட்டது, எண்ணும்போது வந்த பிழை என்று எழுதியாகிவிட்டது, இனிமேல் கோதைக் கவிழ்த்து வை, என்னோடு கழகத்தில் வந்து செய், வெப்லிக்கு வேறு சிலிண்டர் தேடுவோம் என்றார். எனக்கும் எழுபத்திரண்டு, நானும் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன் என்றார்.

அங்கிள் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டேனிஷில் மிகவும் கவனமாகச் சொன்னார். "பிழை தட்டில் இல்லை, பிரேபன். தலையில். அடுத்த தரம் என் பக்கத்தில் நீ நிற்கலாம்."

அங்கிள் பேனாவைக் கட்டுப்போட்ட கையில் வைத்து இறுக்கினார். அன்ரி குசினி வாசலில் துவாயைப் பிடித்தபடி நின்றார். படிவத்தின் கீழே கோடு இருந்தது. அங்கிள் கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டார். நிறுத்தினார். அன்ரியைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"ராணி, இண்டைக்கு வியாழன்தானே?"

அன்ரி ஓம் என்று தலையை ஆட்டினார். அங்கிள் தெரியாமல் கேட்கவில்லை. அவர் காலையிலிருந்து நாலு தரம் நாள்காட்டியைப் பார்த்ததை நான் கண்டிருந்தேன். தெரிந்ததையும் அவர் இனி நம்பமாட்டார். ஆறு ஓட்டையையும் விரலால் தொட்டபிறகும் நம்பமாட்டார்.

நான் எழுந்தேன். கதிரை தரையில் உரசிச் சத்தம் போட்டது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மேசையில் நான் எழுந்து நின்று கதைத்ததே இல்லை.

"பொலிசுக்குச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள்," என்றேன் பிரேபனிடம், டேனிஷில். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அங்கிளிடம் திரும்பினேன். குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. எனக்கே உரக்கக் கேட்டது.

"அங்கிள், நீங்கள் முள்முடியை ஒரு தரம்தான் சொன்னனீங்கள். நீங்கள் ரெலிபோனுக்கு மேலை போன நேரம், செபம் இல்லாமல், அந்த வரிசையை நிரப்பினது நான்."